மூக்கைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம்

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானத்துக்காக இல்லை. ஒரு விவரம் வேண்டும்.

இரண்டு மாதமாக எனக்கு மூக்கில் ரத்தம் வருகிறது. பட்டறையில் நாற்காலிக் கால்களை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டுகிறது. போன வாரம் ஒரு நாற்காலி முழுதாக வீணாயிற்று. ரத்தம் மரத்துக்குள் இறங்கிவிட்டால் எத்தனை தேய்த்தாலும் போவதில்லை. பக்கத்து மேஜையில் வார்னிஷ் அடிக்கும் பாலிஷ்காரர் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்கிறார். பிடித்தால் எல்லாம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வருகிறது.

நீ அந்த ஆஸ்பத்திரியில் மூக்கு வார்டில் பதினெட்டு வருஷமாக ஆயாவாக இருக்கிறாய். ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று எழுது. அது போதும்.

போன் செய்ய வேண்டாம். உன் குரல் வந்தால் கூடவே சிரிப்பும் வரும். கடிதத்தில் நீ சிரித்தால் நான் மடித்து வைத்துவிடலாம்.

தம்பி


பிப்ரவரி 20

என் மூக்கனுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். துணி அலசும் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவாடை நனைந்த பிறகுதான் தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் மூக்கு. பதினெட்டு வருஷம் ஊரார் மூக்குக்கெல்லாம் ஊழியம் செய்தவளுக்கு இப்போதுதான் சொந்தத்தில் ஒரு மூக்கு கிடைத்திருக்கிறது.

அதுவும் என்ன மூக்கு. சின்ன வயசில் நீ தெருமுனை திரும்புவதற்கு முன்னாலேயே அது பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிடும். மாஸ்டர் அதற்கு வருகை போட்டுவிட்டு உனக்காகக் காத்திருப்பார்.

சரி, மடித்து வைத்துவிடாதே. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தரை துடைப்பேன், தட்டு கழுவுவேன், மூக்கில் அடைக்கிற ரிப்பன் துணியை மடித்து, கிருமி போக ஆவியில் வைக்கிற டிரம்மில் அடுக்குவேன். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் ரத்தம் நிறுத்துவதை தினமும் பார்க்கிறேன். எங்கள் பெரிய சிஸ்டர் செய்கிறபடி எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாலிஷ்காரரை அவர் மேஜையிலேயே இருக்கச் சொல். தலையை அண்ணாக்கக் கூடாது. உட்கார். தலையை முன்பக்கம் குனி, கீழே விழுந்த ஆணியைத் தேடுகிற மாதிரி. மூக்கின் மேல்பக்கம் எலும்பு இருக்கும், அதைப் பிடித்துப் பிரயோசனம் இல்லை. அதற்குக் கீழே மெத்தென்று இருக்கிற இடத்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்து அழுத்து. வாயால் மூச்சு விடு. வாய்க்கு வருவதைத் துப்பு, விழுங்காதே. கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம். நடுவில் நின்றதா நின்றதா என்று விட்டுவிட்டுப் பார்க்கக் கூடாது. உலை மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் எப்போது வேகும்?

பெரிய சிஸ்டர் வருகிறவர்களிடமெல்லாம் முதலில் ஒன்று கேட்பார். “எந்தப் பக்கம்?” எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டு வைக்கிறேன், ஒரு டாக்டர் தோரணை இருக்கட்டும். எந்தப் பக்கம்?

நின்றதா இல்லையா என்று எழுது. கட்டாயம் எழுது.

உன் அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

நின்றது. பன்னிரண்டு நிமிடத்திலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் பதினைந்து முடியும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நாலு தடவை வந்தது, நாலு தடவையும் நிறுத்திவிட்டேன். பாலிஷ்காரருக்கு ஆச்சரியம்.

எப்போதும் வலது பக்கம்தான். இடது பக்கம் ஒரு சொட்டுக்கூட வந்ததில்லை. வலது பக்கம் கொஞ்சம் அடைத்த மாதிரியும் இருக்கிறது. பசை, வார்னிஷ் வாசனை சரியாகத் தெரிவதில்லை. பட்டறைக்காரனுக்கு அது நல்லதுதான்.

மாஸ்டர் வருகை போட்ட கதையை நீ எழுதியிருக்க வேண்டியதில்லை. அன்று வாசலில் நீ சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் மனைவியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பத்துப் பேர் சிரித்தார்கள். நீதான் சிரிக்க வைத்தாய்.

உதவிக்கு நன்றி.

தம்பி


மார்ச் 18

மூக்கா,

நன்றியா? என்னைப் பார்த்தா? பேங்க்கிலிருந்து கடிதம் வந்த மாதிரி இருக்கிறது.

அந்த விஷயத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் தப்பாக எழுதுவேன். என் நாக்கு அப்படி. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் முதலில் ஒரு கிண்டல், அப்புறம்தான் அடுப்பை அணைப்பேன். நல்லதா கெட்டதா தெரியாது, அப்படித்தான் வார்த்திருக்கிறது.

வலது பக்கம் என்று எழுதியிருக்கிறாய். வராமல் என்ன செய்யும்? சின்ன வயசிலிருந்தே நீ வலது பக்கம் ஒருக்களித்து மூக்கைத் தலையணைக்குள் நட்டு வைத்துத்தான் தூங்குவாய். வாசனை தெரியாததற்கும் காரணம் எனக்குத் தெரியும். உன் மூக்கு நீளத்துக்கு வாசனை பாதி வழியில் களைத்து உட்கார்ந்திருக்கும்.

எங்களுக்கு ஒரு டாக்டர் இருக்கிறார். நெற்றியில் எப்போதும் விளக்கு கட்டியிருப்பார், சாப்பிடும்போதுகூடக் கழற்ற மறந்துவிடுவார். விளக்கு டாக்டர் என்று நான் பெயர் வைத்தேன், இப்போது நோயாளிகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது நான் தரை துடைக்கிற சாக்கில் நின்று கேட்பேன். மூக்குக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறதல்லவா? அந்தச் சுவரின் முன்பக்கம், ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடத்தில், நாலைந்து ரத்தக்குழாய் வந்து கூடுகிறதாம். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து இறங்குவது, மேலுதட்டிலிருந்து ஏறுவது, அண்ணத்திலிருந்து வருவது, பின்னாலிருந்து வரும் பெரிய குழாயின் கிளை ஒன்று. நாலு தெரு கூடுகிற முக்கு மாதிரி. முக்கில் எப்போதும் ஏதாவது தகராறு இருக்கும்தானே? பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ரத்தம் அங்கேதான் கசியும். விரலால் அழுத்தினால் அடங்கிவிடும். மிச்சம் ஒருத்தருக்குப் பின்பக்கத்துப் பெரிய குழாய். அங்கே விரல் எட்டாது. அவருக்குத்தான் என் ரிப்பன் துணி.

உனக்கு விரலுக்கே அடங்குகிறது. ஆகவே நீ அந்த ஒன்பது பேரில் ஒருத்தன். சின்ன விரலில் வாசலின் தொட்டு உள்ளே லேசாகத் தடவு, காயாமல் இருக்கும்.

ரிப்பன் துணி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கை நீளத்துக்கு மேலே இருக்கும் அது. மூக்குக்குள் போகுமா என்று நீ கேட்பாய். போகும், அவ்வளவும் போகும். இரண்டு நாள் கழித்து எடுக்கும்போதுதான் எல்லோருக்கும் நடுக்கம். டாக்டர் நுனியைப் பிடித்து இழுப்பார், அது வந்துகொண்டே இருக்கும். நான் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். “பயப்படாதீங்க, மந்திரவாதி வாயிலருந்து ரிப்பன் எடுக்கற மாதிரிதான். கடைசில ஒரு புறா வரும், கெட்டியாப் பிடிச்சுக்குங்க” என்பேன். அழுதுகொண்டிருக்கிற ஆளும் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் டாக்டர் மிச்சத்தை இழுத்துவிடுவார். பதினெட்டு வருஷமாக அதே புறாதான். அதற்கும் வயசாகிவிட்டது.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேள். சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

நடுவில் எழுதவில்லை. பட்டறையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இருநூறு நாற்காலி வேலை.

இந்தக் கடிதத்தோடு சின்னப் பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன். ரத்தம் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வேலை நின்றுபோகிறது. அதனால் தேக்குத் துண்டில் ஒரு கவ்வி செய்தேன். துணி காயப்போடும் கவ்வி மாதிரிதான், ஆனால் உள்பக்கம் மூக்கின் வளைவுக்குக் குடைந்து கம்பளித் துணி ஒட்டியிருக்கிறேன். சுருள்கம்பியின் இறுக்கத்தை ஏழு தடவை மாற்றிப் பார்த்தேன். மாட்டிக்கொண்டு குனிந்து உப்புத்தாள் போடலாம். இரண்டு கையும் வேலை செய்யும். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, ஒரு நாற்காலிக் கால் தேய்த்து முடிந்தால் கால் மணி நேரம்.

உன் வார்டுக்கு உபயோகப்படலாம் என்று இன்னொன்று செய்து அனுப்பியிருக்கிறேன். நோயாளிகளின் விரல் வலிக்காது.

வலது கண்ணில் தண்ணீர் வருகிறது. தூசியாக இருக்கும்.

தம்பி


ஜூலை 14

தம்பி,

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே ரயில் ஏறு. பட்டறையில் லீவு கேட்காதே, சொல்லிவிட்டுப் புறப்படு. இரண்டு நாள் பயணத்துக்கு ஒரு ஆள் துணைக்கு வேண்டும், பாலிஷ்காரரைக் கூப்பிட்டுக்கொள்.

உன் கவ்வியை நான் மாட்டிக்கொண்டு வார்டு முழுக்கச் சுற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள். விளக்கு டாக்டர் வந்ததும் அவர் மூக்கிலும் மாட்டப் போனேன். அவரும் சிரித்தார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிரமாதமா இருக்கே, யாரும்மா செஞ்சது?”

“என் தம்பி சார். தச்சு வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் வருது அவனுக்கு, அதான் செஞ்சிருக்கான்.”

“எத்தனை மாசமா?”

“ஏழெட்டு மாசமா.”

“எந்தப் பக்கம்?”

“வலது பக்கம் மட்டும் சார். அடைப்பும் இருக்கு. வாசனை தெரியலயாம். இப்பக் கண்ணுல தண்ணி வருதாம்” என்று நான் கதை மாதிரிச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. நெற்றி விளக்கை அணைத்தார். அவர் அதை அணைத்து நான் பார்த்ததில்லை.

“மரத்தூள்ல எத்தனை வருஷமா வேலை செய்றார்?” என்று கேட்டார்.

இருபத்தாறு வருஷம் என்றேன்.

“உடனே வரச் சொல்லுங்கம்மா. இன்னிக்கே எழுதுங்க” என்றார். நீ போன் வேண்டாம் என்றதால் உன் பட்டறை நம்பர்கூட என்னிடம் இல்லை.

கவ்வியைப் போட்டுக்கொண்டு வேலை செய்யாதே. வா.

அக்கா


செப்டம்பர் 6

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். வழியில் ரத்தம் வரவில்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் கரண்ட் வைக்கிறார்கள், கதிர் என்றும் சொல்கிறார்கள். முப்பது தடவையாம், ஒன்பது முடிந்தது. முகத்துக்கு ஒரு வலைக் கவசம் செய்து மேஜையோடு சேர்த்துத் திருகிவிடுகிறார்கள். அளவெடுத்தவர் கெட்டிக்காரர். மூக்குப் பக்கம் எங்கேயும் உரசவில்லை. நீ பார்த்திருந்தால் அந்த மூக்குக்கு மட்டும் தனியாக ஒரு கவசம் செய்தார்களா என்று கேட்டிருப்பாய்.

கேட்டிருப்பாயா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

உன் வார்டில் பத்தொன்பது நாள் படுத்திருந்தேன். நீ எனக்குத் தலை துடைத்துவிட்டாய், கஞ்சி கொடுத்தாய், என் கட்டிலுக்குக் கீழே தினமும் மூன்று தடவை துடைத்தாய். அங்கே அவ்வளவு அழுக்கு இல்லை. எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் துணி எடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த கண்டக்டருக்கும் அன்றைக்குத்தான். முதலில் அவருக்கு எடுத்தார்கள். நீ தட்டை ஏந்திக்கொண்டு மந்திரவாதி, ரிப்பன், புறா எல்லாம் சொன்னாய். அவர் சிரித்தார். பிறகு என் கட்டிலுக்கு வந்தாய். டாக்டர் நுனியைப் பிடித்தார். நான் காத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் உன் சிரிப்பு வேண்டாம் என்று இருந்தவன், அன்றைக்கு அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். துணி வந்துகொண்டே இருந்தது. நீ தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். துணி முழுக்க வந்து முடிந்தது. புறா வரவில்லை.

டாக்டர் என்னிடம் எல்லாம் நல்லபடியாக எடுத்தாயிற்று என்றார். பெரிய சிஸ்டரும் அப்படியே சொன்னார். நான் அவர்களை நம்பவில்லை. உன்னைத்தான் நம்பினேன்.

டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார்? மறைக்காமல் எழுது. எனக்கு மரத்தில் விரிசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் வேலை செய்ய வரும்.

தம்பி


செப்டம்பர் 17

என் தம்பிக்கு,

இது நாலாவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

அது புற்று. மரத்தூள் வருஷக்கணக்காக மூக்கில் ஏறினால் வருமாம். உனக்குத் தெரிந்திருக்கும், அந்த வார்த்தையை யாரும் உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். டாக்டர் முதலில் பின்பக்கத்துப் பெரிய குழாயைக் கட்டினார். அங்கிருந்துதான் அந்தக் கட்டி ரத்தம் குடித்து வளர்ந்திருக்கிறது. பிறகு எட்டுகிற வரைக்கும் எடுத்தார். மூக்குக்கு உச்சியில் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறதாம். வாசனை அந்த ஓட்டை வழியாகத்தான் மூளைக்குப் போகுமாம். கட்டி அந்தச் சல்லடையைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் கை வைக்க முடியவில்லை என்றார். கரண்ட் வைத்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போகும். எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் விளக்கைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சீக்கிரம் வந்திருந்தால் என்று கேட்டேன். அதைக் கேட்டேன். பிப்ரவரியிலேயே வந்திருந்தால் முழுக்க எடுத்திருக்கலாமோ என்னவோ என்றார். என்னவோ என்பதை இரண்டு தடவை சொன்னார், நல்ல மனுஷன்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ மறுபடியும் ஆறு வருஷம் பேசாமல் இருந்தாலும் சரி. உன்னிடம் ஆறு வருஷம் இல்லை, அதையும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

விளக்கு டாக்டர் தினமும் என் முன்னால் பத்துத் தடவை நடந்து போவார். “என் தம்பிக்கு ரத்தம் வருது சார்” என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பிப்ரவரியில் சொல்லவில்லை. மார்ச்சில் நீ வலது பக்கம் மட்டும் என்று எழுதினாய், அடைப்பு, வாசனை எல்லாம் எழுதினாய். அப்போதும் சொல்லவில்லை. தலையணைக் கதை எழுதினேன். விவரம் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிவிடலாம். பாதிதான் நிஜம். மீதி என்னவென்றால், டாக்டரிடம் சொன்னால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். நீ போவாய். அங்கே உனக்குப் பதில் கிடைத்துவிடும். அப்புறம் எனக்கு எதற்கு எழுதுவாய்?

ஆறு வருஷம் கழித்து என் தம்பி என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறான். அதை இன்னொருத்தருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ நின்றது என்று எழுதியதும் நான் அந்தத் தாளை ரிப்பன் டிரம்முக்கு மேலே வைத்துவிட்டு ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் தபால்காரரிடம் சண்டை போட்டேன். ரத்தம் நின்றுவிட்டதால்தான் எழுதவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. உனக்கு ரத்தம் வரவில்லையே என்று வருத்தப்பட்டேன்.

உனக்கு வைத்த துணியை நான்தான் மடித்தேன். முதல் நாள் சாயங்காலம் நாலு சுருள். குறுக்கும் நெடுக்குமாகச் சரியாக மடித்தால்தான் சிக்காமல் வரும். மூன்று தடவை பிரித்து மடித்தேன், அப்போதும் கோணல்தான். அது உன் மூக்கிலிருந்து வரும்போது எந்த இடத்தில் சிக்குமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். புறாவை நான் மறந்தே போனேன்.

கரண்ட் வைப்பதை நிறுத்தாதே. முப்பதும் முடி.

அக்கா


அக்டோபர் 21

அக்காவுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். வலது கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். பிதுங்கிவிட்டது. ஒரு கண்ணால் எழுதினால் வரி இறங்கிக்கொண்டே போகிறது. இருபத்திரண்டோடு கரண்ட் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. அவர்களேதான் வீட்டில் இருங்கள் என்றார்கள்.

பட்டறைக்குப் போவதில்லை. பாலிஷ்காரர் காலையிலும் சாயங்காலமும் வந்து பார்க்கிறார். அண்ணாந்து பார்க்கச் சொல்வதை விட்டுவிட்டார். இப்போது அவரும் “குனி, குனி” என்கிறார்.

உன் கடிதத்தை இரண்டு நாள் மேஜை மேல் வைத்திருந்தேன். கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். பிறகு பெட்டியைத் திறந்து நீ பிப்ரவரியில் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. அத்தனை தடவை மடித்துப் பிரித்திருக்கிறேன். ரத்தம் நிறுத்த ஒரு தடவை படித்தால் போதும், அக்கா. இங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கிறது, பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. எனக்கும் வழி தெரியும்.

அன்று வாசலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கும் இனி நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பட்டறையில் ஆள் வந்து சொன்னதும் அப்படியே ஓடி வந்தேன். தலை, புருவம், சட்டை எல்லாம் மரத்தூள். உள்ளே அவளைக் கிடத்தியிருந்தார்கள். வாசல்படியில் கால் வைக்கப் போனேன். அவள் உயிரோடிருந்த வரைக்கும் பதினேழு வருஷம் என்னைத் தூசியோடு உள்ளே விட்டதில்லை. வாசலில் நிறுத்தித் துண்டால் அடி அடியென்று அடித்துத்தான் விடுவாள். அவளுக்குத் துணையாக அந்த வாரம் வந்திருந்த நீ கதவோரம் நின்றிருந்தாய். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, “தூசியத் தட்டிட்டு வாடா. எந்திரிச்சு வந்துடப் போறா” என்றாய்.

எல்லோரும் சிரித்தார்கள் என்றுதான் ஆறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்தது நான். அவள் அங்கே கிடக்கிறாள், நான் வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு, ஒரு அடி பின்னால் வந்து, சட்டையைத் தட்டினேன். நீ சொன்னதும் கை தானாகத் தட்டியது. நான் சிரித்ததால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. அதை யார் மேலாவது போட வேண்டியிருந்தது.

அவள் போன பிறகு நான் தூசி தட்டுவதில்லை. கட்டில், தலையணை, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் மரத்தூள். தட்டச் சொல்ல ஆள் இல்லையே என்று இல்லை. தட்டினால் சிரிப்பு ஞாபகம் வந்தது.

இப்போது ரத்தம் காலையில் எழுந்திருக்கும்போது வருகிறது. கவ்வி போட்டால் நிற்பதில்லை. பின்பக்கத்திலிருந்து தொண்டைக்குள் இறங்குகிறது. உன் வார்டில் சொல்வார்களே, விரல் எட்டாத இடம். பிடித்துப் பிடித்து வலது கையில் கட்டை விரல் மரத்துவிட்டது. ஆனாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கால் மணி நேரம் போக ஒரு வழி.

எனக்கு நீ அந்தப் புறாவைச் சொல்லவே இல்லை. கடிதத்தில் எழுதாதே. எழுதினால் மடித்து வைத்துவிடுவேன். குரலில் வேண்டும்.

தம்பி


அக்டோபர் 27

மூக்கா,

உன் கடிதம் மதியம் வந்தது. சாயங்காலம் பெரிய சிஸ்டரிடம் லீவு கேட்டேன். எத்தனை நாள் என்றார். தெரியாது என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விளக்கு டாக்டர் இரண்டு மருந்துச் சீட்டும், உன் ஊர் டாக்டருக்கு ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார். உன் கவ்வியை மேஜையிலேயே வைத்திருக்கிறார். விரல் வலிக்கிறது என்கிற வயசானவர்களுக்கு மாட்டிவிடுகிறார். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் எந்தப் பக்கம், என்ன தொழில் என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டுகிறார். போன வாரம் ஒரு தச்சர் வந்தார். இடது பக்கம், மூன்று வாரமாகத்தான் வருகிறதாம். அன்றைக்கே உள்ளே படுக்க வைத்துவிட்டார். சின்னக் கட்டிதானாம், முழுக்க எடுத்துவிடலாம் என்று அவரிடம் சொன்னார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நான் பார்த்தேன். துணி எடுக்கும்போது அவருக்குப் புறா சொன்னேன். சொல்லும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அவர் அதையும் சேர்த்து வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

இந்தக் கடிதம் உனக்கு வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயோ பின்னாலேயோ நான் வந்துவிடுவேன். யார் முந்துகிறோமென்று பார்க்கலாம். நான் முந்தினால் தபால்காரரிடம் நானே கையெழுத்துப் போட்டு வாங்கி உனக்குப் படித்துக் காட்டுகிறேன், என் எழுத்து எனக்கே புரிந்தால்.

ரிப்பன் துணி ஆறு சுருள் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கோணல் இல்லை. பழைய வெள்ளைத் துண்டு நாலு, வாசலின், ரத்தம் ஏந்த ஒரு கிட்னி ட்ரே. ட்ரே வார்டுடையது. திருட்டு இல்லை, பெரிய சிஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார்.

நீ சிரித்ததை நான் பார்த்தேன், தம்பி. அன்றைக்கே பார்த்தேன். நீ பின்னால் போய்ச் சட்டையைத் தட்டியதையும் பார்த்தேன். நான் பார்த்தது உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நீ கோபித்துக்கொண்டபோது பேசாமல் இருந்துவிட்டேன். கோபம் இருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் முதுகு நிமிரும். அதற்கு ஆறு வருஷம் ஆகும் என்று நினைக்கவில்லை.

வந்ததும் புறா, கோழி, எது கேட்டாலும் சொல்கிறேன். அழுதுகொண்டே சொன்னால் கோபிக்காதே. இரண்டும் ஒரே வாயிலிருந்துதானே வருகிறது.

கதவைத் தாழ் போடாதே. எழுந்து வந்து திறக்காதே. இரண்டு நாள் ரயில் தூசி என் மேலே இருக்கும், வாசலில் நின்று நன்றாகத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன். அவள் எழுந்து வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் அடி.

அதுவரைக்கும் குனிந்தே இரு. நான் வந்ததும் உன் மூக்கை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ கையை எடுத்துவிடலாம்.

அக்கா